குங்குமம் வச்ச டிஸ்கு

இல்ல தம்பி, அத இப்ப எடுக்காதீங்க. அந்த செவப்பா இருக்கறத அப்படியே பிளாஸ்டிக் பையிலயே வையுங்க, கடைசியா பாப்போம். மொதல்ல இந்த நாய் டிஸ்க போட்டுப் பாருங்க, அது ஏற்கெனவே ஒரு தடவ வேல செஞ்சது. பழைய டிஸ்க் படிக்கிற உங்க பச்ச போர்டு அதப் படிச்சிட்டா மத்தத பேசுவோம். கோப்பி ஆறுது, குடிங்க. கொற சீனிதான் சொன்னேன், உங்களுக்கு எப்படி புடிக்கும்னு தெரியல.

ஆமாலா, நாய் டிஸ்குதான். லேபல்ல நாய்னு எழுதியிருக்கு பாருங்க, என் கையெழுத்துதான். அப்ப நாங்க ஜெலுத்தோங்ல வாடகைக்கு இருந்தோம். பக்கத்து ஊட்டு சீனக் கெழவரு ஒரு நாய் வளத்தாரு, சாயந்தரமானா ஒரே பீசிங், சத்தம் தாங்காது, கொலைச்சிக்கிட்டே கெடக்கும். நான் சன்னல் வழியா மைக்க நீட்டி அத புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். எதுக்கா? சும்மாதான். அந்த வயசுல எதுக்குனு கேக்கத் தோணுமா. பேக்டரில இருந்த வெள்ளக்கார இன்ஜினியர் ஊருக்குப் போறப்ப இந்த அமீகா கம்ப்யூட்டர எனக்கு குடுத்துட்டுப் போனாரு. கூடவே சின்னதா ஒரு பொட்டி, பின்னாடி சொருவி மைக்க மாட்டுனா எந்த சத்தத்தையும் உள்ள இழுத்துக்கும். ஐஸ் கச்சாங் விக்க வர்றவன் மணிய புடிச்சேன், எங்க ஊட்டு கொழாத் தண்ணிய புடிச்சேன். பைத்தியக்காரன் மாதிரி மைக்க தூக்கிக்கிட்டு அலைஞ்சேன் போங்க.

இத லேப்டாப்புக்கு மாத்தறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே. துளசி, என் மவ, ஆன்லைன்ல ஒரு டிஸ்க் டிரைவ் வாங்கிக் குடுத்தா. அத மாட்டி டிஸ்க போட்டா, இதுல ஒண்ணும் இல்ல, போர்மெட் பண்ணட்டுமானு கேக்குது. ஒண்ணும் இல்லையாம். இவ சரினு அமுக்கப் போயிட்டா. நான் கையப் புடிச்சி இழுத்த இழுப்புல கோப்பி கொட்டி, அவ மொகம் தூக்கி வச்சிக்கிட்டு, அன்னிக்கி முழுக்க என்கிட்ட பேசல. அமீகா எழுதற முறையே வேற, பீசிக்கு அது வெத்து டிஸ்காத்தான் தெரியும்னு நீங்க இப்ப சொல்றீங்க. அப்ப எனக்கு யாரு சொன்னா.

பொறவு யூடியூப்ல ஒருத்தன் சொன்னான், அமீகாவுக்குப் பின்னாடி ஒரு ஓட்ட இருக்கு, அதுலேர்ந்து ஒயர் இழுத்து லேப்டாப்புல குடுத்தா ரெண்டும் பேசிக்கும்னு. ஒயருனா எனக்கு பயம் கெடையாது. மாக் மண்டின் பேக்டரில மெயிண்டனன்ஸ்ல கெடந்து வெளிய வந்தவன் நான். இங்க பேசற ஒயரு அங்க கேக்கற ஒயருல போவணும், மாத்திப் பத்த வைக்கணும். பேசற ஒயர பேசற ஒயரோடயே சேத்துட்டா ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டே இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. எங்க ஊட்ல முன்னல்லாம் அப்படித்தான். இந்தக் கையால பத்த வைக்க முடியல, இந்த ரெண்டு வெரலும் மடங்காது பாத்தீங்கல்ல. பிரஸ் மிஷின் கடிச்சது, பழைய கத. இடது கையாலயே பத்த வச்சேன். மேசையில ரெண்டு எடத்துல சூடு வேற போட்டாச்சு.

வந்துச்சு. வராம என்னா. ஆனா வந்ததெல்லாம் குப்ப. ஸ்க்ரீன் முழுக்க கோடும் புள்ளியுமா கொட்டுது. அந்தப் பக்கம் ஒரு ஸ்பீடு, இந்தப் பக்கம் ஒரு ஸ்பீடு. அத ஒண்ணா வைக்கணும்னு தெரியறதுக்குள்ள எனக்கு தாடி மொளச்சிடுச்சி. கடைசியா ஒரு நாளு மத்தியானம், துளசி வேலைக்குப் போயிருந்தா, சரியா வந்துடுச்சி தம்பி. லேப்டாப்புல அமுக்குனேன், லொள்ளுனு கொலைக்குது. செத்து மக்கிப்போன நாயி, அவ்ளோ கிளியரா கொலைக்குது. அடுப்படியிலேர்ந்து ஊட்டுக்காரி ஓடி வந்து சன்னல எட்டிப் பாக்கறா. அப்புறம் என்னைப் பாக்கறா, லேப்டாப்ப பாக்கறா. சிரிச்சா பாருங்க, வயித்தப் புடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. சத்தம்தான் வரல.

என் பொண்டாட்டி தம்பி, லோகேஸ்வரி. அவளால பேச முடியாது. தொண்டையில கேன்சரு, கொரல் பொட்டியையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு. போன தைப்பூசம் முடிஞ்ச கையோட ஆப்பரேசன். நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க, உங்களுக்கு எப்படி தெரியும். கழுத்துல வச்சி அமுக்கிப் பேசற மிஷினு ஒண்ணு இருக்குதுனு ஆஸ்பத்திரில காட்டுனாங்க. ஒரு தடவ வச்சிப் பாத்தா, ரோபோ மாதிரி சத்தம் வந்துச்சு, மூடி பொட்டியில வச்சிட்டா. அதுலேர்ந்து அத தொடறதில்ல.

அந்த செவப்பு டிஸ்குல இருக்கறது அவ கொரலு. அதுக்குத்தான் இவ்ளோ கூத்தும். நாய்க்காகவா நான் இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி, உங்க கட லிப்டு ரோசாக்கு, வேல செய்யலனு மூணு மாடி மூச்சு வாங்க வருவேன்?

போட்டுப் பாத்தேனே. போடாம இருப்பேனா. அந்த நாயக்கூட லேப்டாப்புல சேவ் பண்ணாம, அன்னிக்கே அதப் போட்டேன். டிரைவ் கர்ரு கர்ருனு மொனவுச்சு, படிக்க முடியலனு வந்துச்சு. எடுத்து ஊதிட்டு மறுபடியும் போட்டேன். அது தப்பு, தெரியும் தம்பி, இப்ப தெரியும். அதுக்கப்புறம் நாயும் படிக்கல, மணியும் படிக்கல, எதப் போட்டாலும் அதே மொனவல். டிரைவ கழட்டி உள்ள இருக்கற படிக்கிற தலைய காது கொடையற பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டு தொடச்சா, பஞ்சு செவசெவனு வருது, வெத்தல துப்புனாப்ல. குங்குமம். டிஸ்க சுத்தி சுத்தி அந்தத் தூள தலையில அப்பியிருக்கு.

முஸ்லிம் ஊட்ல இது கெடையாதுல்ல, அதான் கேக்குறீங்க. எங்களுக்கு சரஸ்வதி பூச வரும் தம்பி. அன்னிக்கி தொழில் சாமான், பொஸ்தகம் எல்லாத்தையும் சாமி முன்னாடி வச்சி சந்தனம் குங்குமம் வைப்போம். மாக் மண்டின்ல லேத்து மிஷின் முழுக்க பொட்டு வச்சி மால போட்டு நிக்கும், சீன முதலாளியே வந்து கும்புட்டுப் போவாரு. இரும்புல வச்சா இரும்புக்கு என்னா ஆவப்போவுது. அதே நெனப்புல எங்க ஊட்ல இவ கம்ப்யூட்டருக்கும் வச்சா, டிஸ்குக்கும் வச்சா. பிஸ்கட் டின்னுல எல்லா டிஸ்கும் இருக்கும், பொழங்கறத நிறுத்துன பொறவும் வருசா வருசம் எறக்கி வச்சி பொட்டு வச்சிட்டு மறுபடி ஏத்திடுவா. மத்ததுலல்லாம் பாருங்க, லேபல்ல ஒரு சின்ன பொட்டு, அவ்ளோதான்.

இதுல மட்டும் ஏன் இப்படி அப்பிக் கெடக்குன்னா? அது பொம்பளைங்க சமாச்சாரம், விடுங்க. டிஸ்க் வாயில இருக்கற அந்த இரும்பு மூடி மேலயே வச்சி வச்சி, மூடி எப்பவோ தொறந்துக்கிட்டு உள்ள போயிருக்கு. கழுவணும்னு சொல்றீங்க. மேல இருக்கற பிளாஸ்டிக் ஓட்டப் பிரிச்சி உள்ள இருக்கற பிலிம எடுத்து கழுவி, வேற ஓட்டுல போட்டு படிக்கணும். படிச்சா படிக்கும், இல்ல கழுவறப்பவே மேப்பூச்சு உரிஞ்சி வந்துடும். ஒரே சான்சுதான். நீங்க சொன்னது நல்லா புரிஞ்சுது. நான் இன்னும் சரினு சொல்லல, அதையும் கவனிச்சிருப்பீங்க.

நல்ல கேள்விதான் கேக்குறீங்க. ஆப்பரேசனுக்கு முன்னாடி போன்லயே புடிச்சி வச்சிருக்கலாமேன்னு. வச்சிருக்கோம். ஆஸ்பத்திரி நர்ஸே சொல்லிக் குடுத்தாங்க, கொரல் நல்லா இருக்கறப்பவே தெனம் பேசறத எல்லாம் பேசி வச்சிக்குங்கனு. துளசி பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொண்ணா புடிச்சா. போன்ல பட்டன் பட்டனா இருக்கு, அமுக்குனா அவ கொரலே பேசும். தண்ணி வேணும். வலிக்குது. மருந்து சாப்ட்டாச்சு. பசியாறிட்டீங்களா. மீன் புதுசா இல்ல, கொண்டு போயி குடுத்துட்டு வாங்க. சிரிக்காதீங்க, அதையும் புடிச்சா, பாசாருக்கு நான் போனா அது தேவப்படும்னு. பரவால்ல விடுங்கனு ஒண்ணு இருக்கு, ஏங்கனு ஒண்ணு இருக்கு. நான் வெளிய பூச்செடிக்கு தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா உள்ளேர்ந்து ஏங்க, ஏங்கனு வரும். அசப்புல ஆளு பேசற மாதிரியே இருக்கும். நானும் வந்துட்டேன் வந்துட்டேன்னு கத்திக்கிட்டே ஓடுவேன்.

அப்ப இதுல என்னா இருக்குன்னா, என் பேரு இருக்கு.

கார்த்திகேசுங்கற என் பேரு தம்பி. அவ வாயால சொன்னது. நீங்க சின்ன வயசு, உங்களுக்கு வேடிக்கையா இருக்கும். உங்க அம்மா உங்க அத்தாவ பேரு சொல்லியா கூப்புடுவாங்க? அதேதான். ஆனா இவ இருக்காளே, இவ எல்லாத்துக்கும் மேல. கிளினிக்ல மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி, மலாய்ல நாம சுவாமி, அதாவது புருசன் பேரு என்னான்னு கேக்கறா. இவ வாயத் தொறக்கல. அவ மறுபடி கேக்கறா. இவ கைப்பையில தேடி கல்யாண சர்ட்டிபிகேட்ட எடுத்து நீட்டறா. பிரசவத்துக்குப் போன எடத்துல, வலியில துடிச்சிக்கிட்டு, அத கையோட கொண்டாந்திருக்கா பாருங்க. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனா அர்ச்சனைக்கு பேரு கேப்பாரு ஐயரு. மேல நிக்கறாரே அவரு பேருதான்னு சாமியக் காட்டுவா. சாமியக்கூட முருகானுதான் கூப்புடுவா, பாட்டுல கார்த்திகேயானு வந்துட்டா அந்த எடத்துல மட்டும் வாய மூடிக்குவா. அப்படி ஒரு பொம்பள.

கல்யாணமாகி கொஞ்ச நாளுதான் இருக்கும் அப்ப. நான்தான் விடல. ஒரே ஒரு தடவ சொல்லு, சொல்லுனு நச்சரிச்சேன். எங்கிட்ட சொல்ல வேணாம், மிஷின்கிட்ட சொல்லு, மிஷின் என்னா உன் புருசனானு கேட்டேன். அதுல விழுந்துட்டா. ஆனா நான் ஊட்ல இருக்கக் கூடாதாம். காதுல விழுந்துடக் கூடாதாம். எந்த பட்டன அமுக்கணும்னு காட்டிக் குடுத்துட்டு வெளிய வந்தேன். கதவச் சாத்திட்டா. முள் கம்பி வேலிகிட்ட நிக்கறேன், நாய் என்னைப் பாத்து கொலைக்குது, சீனக் கெழவரு என்னாலா பெஞ்சாதி தொரத்திட்டாளானு மலாய்ல கேக்கறாரு. உள்ள போனா, இவ மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கறா. அமுக்குனேன். வந்துச்சு. காத்துதான் பாதி, கொரலு பாதி. பின்னாடி தூரத்துல நாய் கொலைக்கிற சத்தம். ஆனா என் பேருதான். இவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அடுப்படிக்கி ஓடிட்டா.

நேர்ல நான் கேட்டதே இல்ல தம்பி, இன்னிக்கி வரைக்கும். அந்த டிஸ்குல கேட்டதுதான். அதையும் கொஞ்ச நாளுதான் கேட்டேன். அந்த வருசமே இந்த வெரலு போச்சு. கட்டுப் போட்ட கையோட மிஷின் பக்கம் போகப் புடிக்கல, அப்புறம் துளசி பொறந்தா, அமீகா பரண் மேல போயிடுச்சி.

ஆப்பரேசனுக்கு மொத நாளு வார்டுல, துளசி போன நீட்டி கேட்டா, அம்மா, அப்பா பேர மட்டும் ஒரு தடவ சொல்லிடுமானு. நான் வாசல்ல நிக்கறேன், இவளுக்குத் தெரியாது. தலைய ஆட்டுனா, மாட்டேன்னு. விடிஞ்சா கொரலு போவப்போவுது, அப்பவும் மாட்டேன்ட்டா. எனக்கு கோவம் வந்துச்சு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். இவ்ளோ வருசம் கூட வாழ்ந்தவனுக்கு ஒரு வார்த்த. அத சொல்லிட்டுப் போனா என்னாடி கொறஞ்சிடும் உனக்குனு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே கீழ கேண்டீன்ல போயி ஒக்காந்துட்டேன். அந்தக் கோவத்துலதான் இந்த டிஸ்க தேட ஆரம்பிச்சதே. நீ சொல்லாட்டி போ, எங்கிட்ட இருக்குனு.

சொல்லிடறேன். மறுபடி கேக்காதீங்க. நீங்க ஏன் இதுல மட்டும் இவ்ளோ குங்குமம்னு கேட்டீங்கல்ல. நானும் அதத்தான் கேட்டேன், முந்தாநாளு. பஞ்சு செவப்பா வந்த கடுப்புல டிஸ்க அவ முன்னாடி தூக்கிக் காட்டி, உன் பூசையால இது கெட்டுப் போச்சு பாரு, மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதுக்கு மட்டும் ஏன் வண்டி வண்டியா அப்பி வச்சிருக்கேனு கத்திட்டேன். அவ கோவப்படல. டிஸ்க வாங்கி மடியில வச்சிக்கிட்டா. அதத் தொட்டா, பொறவு என் நெஞ்சத் தொட்டா. இந்த வெரலு ரெண்டையும் புடிச்சி தடவுனா. அப்பதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. அவங்க ஊட்ல ஒரு நம்பிக்க, புருசன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு. இவ சொன்னா, அந்த வருசமே எனக்கு அடிபட்டுச்சு. நான் பிரஸ் மிஷின திட்டிக்கிட்டு இருந்தேன், பக்கத்துல நின்ன சூப்பர்வைசர திட்டிக்கிட்டு இருந்தேன். இவ தன்னைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கா. அதுலேர்ந்து வருசா வருசம் இந்த டிஸ்குக்கு குங்குமம். என் ஆயுசுக்கு வச்சது தம்பி இது. எனக்குத் தெரியாது, ஒரு வார்த்த சொல்லல.

இன்னும் இருக்கு. அதோட விட்டிருந்தா பரவால்ல. அப்புறம் தன் கழுத்து ஓட்டைய தொட்டுக் காட்டுனா. கைய மேல தூக்கி, அங்க குடுத்தாச்சுங்கற மாதிரி. மறுபடி என் நெஞ்சத் தொட்டு தலைய ஆட்டுனா, சிரிச்சிக்கிட்டே. என்னா சொல்றா புரியுதா? உங்க உசுர எடுக்க வந்தது என் கொரலோட விட்டுட்டுப் போயிடுச்சினு சொல்றா. நல்லதாப் போச்சுங்கறா. நான் ஒக்காந்து அழுதேன் தம்பி, சின்னப் புள்ள மாதிரி. டொக்டரு சொன்னாரு இது எதனால வருதுனு யாராலயும் சொல்ல முடியாதுனு. அத சொன்னேன், அவ கேக்கல. போன எடுத்து பட்டன அமுக்குனா. பரவால்ல விடுங்க. அவ கொரலுதான். எதுக்கோ புடிச்சி வச்சது, இதுக்கு அமுக்கறா.

அவளுக்குத் தெரியாது நான் இங்க கொண்டாந்தது. பாசாருக்குப் போறேன்னுட்டு வந்திருக்கேன். இப்ப சொல்லுங்க, கழுவட்டுமானு கேக்குறீங்களே, நான் என்னான்னு சொல்றது. எனக்கு இந்த ஆயுசு கொறையற கதையிலல்லாம் நம்பிக்க கெடையாது. அவ பேரச் சொல்லியும் உசுரோட இருக்கற நான் ஒருத்தன் போதாதா சாட்சிக்கு. ஆனா அவளுக்கு இருக்கே. இந்தக் குங்குமத்த கழுவி, இது ஊட்டுக்கு வந்து இன்னொரு தடவ என் பேரச் சொல்லிச்சுனு வையுங்க, எடுத்துக்கறதுக்கு அவகிட்ட இன்னும் என்னா இருக்கு?

வேணாம் தம்பி. பையிலயே இருக்கட்டும், குடுங்க இப்படி. அடுத்த வாரம் பூச வருது, டின்னத் தொறந்தா மொதல்ல இதத்தான் தேடுவா. அந்த நாய மட்டும் எனக்கு போன்ல ஏத்திக் குடுங்க. அது கொலைச்சா அவ சிரிப்பா.